தட்டிலிருந்த ஏழு புள்ளிகள்

வெள்ளவத்தை, கொழும்பு
12.11.2023

தயானி,

இன்றைக்குத் தீபாவளி. போர்டிங்கில் இருந்த மற்றப் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நானும் வீட்டுக்காரம்மாவின் பூனையும்தான் மிச்சம். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். சின்ன வயதில் எனக்கு எண்ணெய் வைக்கிற சாட்டில் நீ காதுக்குள் ஊற்றிவிட்டு ஓடுவாய். அதை நினைத்துக்கொண்டு இருந்தபோது ஷம்ராவிடமிருந்து மெசேஜ் வந்தது. உனக்கு நாலு மாதமாம்.

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள், அவள்மேல் கோபப்படாதே. கூடப் பிறந்தவள் நான் இருக்க, கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி சொல்லித்தான் எனக்கு இது தெரிய வேண்டியிருக்கிறது. ஒன்பது மாதமாக நான் எடுக்கும் போனுக்கு நீ பதில் சொல்வதில்லை. போன மாதம் நம்பரையே மாற்றிவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். இதை ஷம்ராவின் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். தோட்டத்து விலாசத்துக்குப் போட்டால் ஒபிசில் நாலு நாள் கிடந்து, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் ஆள் ஆளாகக் கை மாறி, கடைசியில் உன் மாமியார் மடியில்தான் போய் விழும்.

பெப்ரவரியில் உன் பிள்ளையின் இழவு வீட்டில் நான் சொன்னது தப்பு. உன் மாமியார் கருப்பம்மா அத்தை லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, நீ வயிற்றோடு சுடுகாட்டுப் பாதையில் நடந்ததால்தான் இரண்டே நாளில் பிள்ளை போய்விட்டது என்று ஒப்பாரி வைத்தார். என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "பேயும் இல்ல, காத்துக் கருப்பும் இல்ல. தயானி ஒடம்புல இருந்த கிருமிதான் பிள்ளைக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பரிந்து பேசுவதாகத்தான் நினைத்தேன். நான் வேலை செய்கிற லேபில் பேசுகிற பேச்சை இழவு வீட்டில் பேசியது என் புத்தி கெட்டதனம்.

என்னைத் திட்டு, பேசாமல் இரு, எப்படி வேண்டுமானாலும் இரு. ஒன்றை மட்டும் செய். அடுத்த கிளினிக்கில், முதல் பிள்ளை எந்தக் கிருமியால் போனது என்று டொக்டரிடம் சொல். வலி கண்டதும் உனக்குச் சேலைனில் பெனிசிலின் ஏற்ற வேண்டும். பிள்ளை பிறப்பதற்குக் குறைந்தது நாலு மணித்தியாலத்துக்கு முன்பே அது உன் இரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். இப்போதே மாத்திரை போட்டு அதை ஒழித்துவிட முடியாது, திரும்பி வந்துவிடும். வலி கண்ட பிறகு ஏற்றுகிற மருந்துதான் பிள்ளையைக் காப்பாற்றும்.

பதில் போடு. ஒரு வரி போதும்.

ஜெயந்தினி


மேற்கணக்கு, நமுனுகுல
29.11.2023

அக்கா,

கடிதம் கிடைத்தது. ஷம்ரா அக்கா சட்டைத்துணியோடு மடித்து வைத்துக் கொடுத்தார். போனில் பேசச் சொல்லாதே. வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லயத்தில் என் அறையில் நான் தும்மினால் மூன்றாவது காம்பராவில் "நூறாயுசு" என்கிறார்கள். பேசுவதெல்லாம் சுவரைத் தாண்டிப் போய்விடும். எழுது.

புத்தி கெட்டுப் பேசிவிட்டேன் என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். நீ பேசிவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிட்டாய். இங்கே இருந்தவள் நான். அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டுக்கொள்.

எட்டாம் நாள் பிள்ளைக்காம்பராவில் வேலைக்குப் போனேன். ஆறு வருஷம் அங்கே ஆயாவாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனால் பதினொரு பிள்ளைகளும் என் மடியில்தான் கிடக்கும். அன்றைக்கு ஒருத்தரும் பிள்ளையைக் கொண்டு வரவில்லை. வெறும் தொட்டில்களைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு தோட்டத்து நலன் பார்க்கிற வெல்பெயார் ஐயா வந்தார். "கிருமி உள்ளவ கையில எங்க பிள்ளைங்கள குடுக்க மாட்டோம்னு தாய்மாருங்க ஒபிசுல வந்து நிக்கிறாங்கம்மா. கொஞ்ச நாளைக்கு மலையில வேலை பாரு" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிறேன்.

பீலியில் நான் தண்ணீர் பிடித்தால், எனக்குப் பின்னால் வருகிறவள் பைப்பைக் கழுவிவிட்டுப் பிடிக்கிறாள். என் கண் முன்னாலேயே கழுவுகிறாள். பேய் பிடித்தவள் என்றால் ஒரு பூசையோடு விட்டிருப்பார்கள். நீ படித்தவள், லேபில் வேலை செய்கிறவள். நீ சொன்ன சொல்லுக்குப் பூசை கிடையாது. ரிப்போட்டில் கிருமி என்று வந்த கீழ் லயத்து லெட்சுமிக்கு நடந்ததுதான் எனக்கும். அவளையாவது தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குப் போக இடமும் இல்லை. புருஷன் என்று இருக்கிற ஜீவன் சனிக்கிழமை பண்டாரவளை மரக்கறிக் கடையிலிருந்து வருகிறார், சாப்பிடுகிறார், சுவரைப் பார்த்துக்கொண்டு படுக்கிறார். என்னைக் குறை சொன்னதில்லை. எனக்காகப் பேசியதும் இல்லை.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். ஆறாம் மாதத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து என் சிறுநீர் நீ வேலை செய்த பதுளை லேபுக்குத்தானே வந்தது. கிருமி வளரவில்லை என்று ரிப்போட் வந்தது. கீழே உன் கையெழுத்து இருந்தது. டிஸ்பென்சரியில் அதை வாசித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? "எங்கக்கா போட்ட கையெழுத்து" என்று வரிசையில் நின்ற எல்லாரிடமும் காட்டினேன். அப்போது இல்லாத கிருமி பிள்ளை பிறக்கும்போது எங்கே இருந்து வந்தது?

இன்னொன்று. ஏழு வருஷம் பார்த்த வேலையை விட்டு, பிள்ளை போன ஒரே மாதத்தில் ஏன் கொழும்புக்குப் போனாய்?

தயானி


வெள்ளவத்தை
10.12.2023

தயானி,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். வெறும் தொட்டில் என்று நீ எழுதிய இடத்துக்கு மேலே ஒவ்வொரு தடவையும் போக முடியாமல் நிறுத்தினேன்.

அந்தக் கிருமியைப் பற்றி உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அதன் பெயர் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் அகலாக்டியே. சாயம் போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக, ஒன்றோடொன்று கோத்த மணி மாதிரித் தெரியும். இரத்தம் கலந்த சிவப்புத் தட்டில் வளர்த்தால் சாம்பல் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளி வரும். புள்ளியைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம் வெளுத்திருக்கும். ஒரு துளி மருந்தை அதன்மேல் விட்டால் சில கிருமிகள் பொங்கும், இது பொங்காது. இந்தக் குடும்பத்துக் கிருமிகளை மேல்தோலில் இருக்கிற சத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் பிரித்திருக்கிறார்கள். இது பி பிரிவு. முதலில் மாட்டின் மடியில் வரும் நோயில்தான் கண்டார்களாம். பால் வற்றிப்போகும். அதனால் பால் இல்லாமை என்ற அர்த்தத்தில் அந்தப் பெயர்.

லேபில் நாங்கள் கிருமிகளை ரெண்டு பக்கமாக வைப்போம். உடம்பில் சும்மா குடியிருப்பவை ஒரு பக்கம், நோய் கொடுப்பவை மறு பக்கம். இது ரெண்டு பக்கமும் இருக்கும். அஞ்சு பெண்களில் ஒருத்தியின் குடலிலும் பிறப்பு வழியிலும் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போகும். காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை, எதுவும் இல்லை. கெட்ட நடத்தையால் வருவதில்லை. தண்ணீர் பைப்பில் ஒட்டாது. நீ தூக்கினால் இன்னொருத்தியின் பிள்ளைக்குப் போகாது. பைப்பைக் கழுவுகிறவளிடம் இதைச் சொல். அவளுக்கும் இருக்கலாம். பிறக்கிற நேரத்தில் ஒரு சில பிள்ளைகளுக்கு மட்டும் இரத்தத்தில் ஏறிவிடுகிறது. அது உன் பிள்ளைக்கு நடந்தது.

நீ கேட்டதற்குப் பதில், அந்தக் கிருமி வரும், போகும். ஒரு சோதனையில் தெரியும், இன்னொன்றில் தெரியாது. கொழும்பில் வேலை நல்ல வேலை. பதுளையில் எனக்கு அலுத்துவிட்டது.

டொக்டரிடம் சொன்னாயா என்று எழுது. இங்கே ஆள் குறைவு, ஷிப்டுக்குப் போக வேண்டும்.

ஜெயந்தினி


மேற்கணக்கு
24.03.2024

அக்கா,

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை என்பதால் விட்டேன். இப்போது இருக்கிறது.

நீ சொன்னபடி டொக்டரிடம் சொன்னேன். பழைய கடதாசிகளைக் கேட்டார். முதல் பிள்ளை போன மூன்றாம் நாள் தீட்டுக் கழிக்கும்போது அத்தை பிள்ளையின் சட்டை, துவாய், தொட்டில் சீலை எல்லாவற்றையும் லயத்துக்குப் பின்னால் போட்டு எரித்தார். செத்த பிள்ளையின் பெயரில் இருக்கிற எதுவும் காம்பராவில் இருக்கக் கூடாதாம். கிளினிக் அட்டையும் ஆஸ்பத்திரிக் கடதாசியும் அதோடு போயிற்று. டொக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் பஞ்சுக்குச்சியில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

ரிப்போட் வெள்ளிக்கிழமை வந்தது. அந்தக் கிருமி இல்லை.

டிஸ்பென்சரியில் வழக்கம்போல எல்லாருக்கும் கேட்க வாசித்தார்கள். அத்தை அந்தக் கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு லயம் லயமாகப் போனார். "பாருங்கடி, என் மருமக ஒடம்புல ஒரு மண்ணும் இல்ல. அவ அக்காக்காரி படிச்ச திமிருல ஒளறிட்டுப் போனா" என்றார். அவர் என்னை மருமகள் என்று வாய் நிறையச் சொல்லி ஒரு வருஷம் ஆகிவிட்டது. அன்று பின்னேரம் எதிர் லயத்துக்காரி தன் கைப்பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்தப் பிள்ளை என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது. நான் அழுதது அதற்கு மட்டும்தான் தெரியும். பிள்ளை பெற்ற பிறகு பிள்ளைக்காம்பராவுக்கே வரலாம் என்று வெல்பெயார் ஐயாவும் சொல்லியிருக்கிறார்.

ஆகவே நான் சேலைன் கேட்கப் போவதில்லை. அத்தை கூடவேதான் வருவார். அவர் முன்னால் அந்த மருந்தைக் கேட்டால் மறுபடியும் நான் கிருமி உள்ளவள் ஆகிவிடுவேன். இன்னொரு தடவை அதைத் தாங்க எனக்கு முடியாது. உன் கையெழுத்துப் போட்ட ரிப்போட்டும் இல்லை என்றுதான் சொன்னது. இதுவும் இல்லை என்கிறது. இருக்கிறது என்று சொன்னது உன் வாய் மட்டும்தான்.

இருபது நாள், இருபத்தைந்து நாளில் பிறக்கும் என்கிறார்கள். இனிமேல் எழுதாதே.

தயானி


வெள்ளவத்தை
29.03.2024

தயானி,

எழுதாதே என்றாய். இதை மட்டும் வாசி. வாசித்த பிறகு எனக்கும் உனக்கும் ஒன்றுமில்லை என்றாலும் சரி.

உனக்கு அது இருந்தது. நான் பார்த்தேன். 2022 நவம்பரில் உன் சிறுநீர்த் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது நான்தான். ஏழு புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய வளையம் இருந்தது. எண்ணினேன். மற்றவர்கள் என்றால் ஏழு புள்ளியைக் கணக்கில் எடுக்க மாட்டோம், ஊத்தை பட்டிருக்கும் என்று விட்டுவிடலாம். பிள்ளைத்தாய்ச்சி என்றால் ஒரே ஒரு புள்ளி இருந்தாலும் எழுத வேண்டும். அது எனக்குத் தெரியும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நானே அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பேனாவை எடுத்தேன். மேலே உன் பெயர் இருந்தது. எனக்கு உங்கள் டிஸ்பென்சரி கண்ணுக்குள் வந்தது. லெட்சுமியின் ரிப்போட்டை அங்கே சத்தமாக வாசித்த அன்றைக்கு நானும் வரிசையில் நின்றேன். கிருமி என்ற ஒரு சொல்லுக்கு அவளை என்ன பேச்சுப் பேசினார்கள் என்று கேட்டேன். உன் பெயரை அப்படி வாசிக்க விடக் கூடாது என்று நினைத்தேன். கிருமி வளரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வளைகாப்புக்கு வரும்போது உன் காதில் மட்டும் சொல்லிவிடலாம், நீயே கிளினிக்கில் சொல்லிக்கொள்வாய் என்று கணக்குப் போட்டேன்.

வந்தேன். உன் கையில் வளையல் போட்டேன். உன்னைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள், நீ சிரித்துக்கொண்டு இருந்தாய். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். பிறகு, அஞ்சு பேரில் ஒருத்திக்கு இருப்பதுதானே, எத்தனையோ பிள்ளைகள் நன்றாகத்தானே பிறக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பிள்ளையின் இரத்தத்தில் என்ன வளர்ந்தது என்று வார்டு டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார், நானும் லேப்காரி என்பதால். அந்த இரத்தச் சோதனை இலக்கத்தை என் கையிலேயே எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் லயத்து வாசலில் நின்று உன் உடம்பில் இருந்தது என்று சொன்னேன். என் தட்டில் இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாதியை விழுங்கிவிட்டேன். நான் கொழும்புக்கு ஓடி வந்ததும் அதனால்தான். பதுளை லேபில் ஒவ்வொரு சிவப்புத் தட்டையும் தூக்கும்போது அந்த ஏழு புள்ளியைத்தான் தேடினேன்.

உன் பிள்ளையைக் கொன்றது நான் என்று நீ நினைத்தால் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்போது வந்த ரிப்போட்டை நம்பிவிடாதே. முதல் பிள்ளைக்கு இந்தக் கிருமியால் நோய் வந்திருந்தால், அடுத்த தடவை சோதனை என்ன சொன்னாலும் மருந்து ஏற்றியே ஆக வேண்டும். அதுதான் விதி. இந்தத் தாளின் பின்பக்கத்தில் இங்கிலிஷில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதியிருக்கிறேன். கிருமியின் பெயர், பிள்ளையின் இரத்தச் சோதனை இலக்கம், திகதி, ஏற்ற வேண்டிய மருந்து. வார்டுக்குள் போனதும் முதல் வேலையாக இதைக் கொடு. முன்பக்கத்தை யார் வாசித்தாலும் எனக்கு வேலை போகும். போகட்டும். கொடு.

ஷம்ரா கையாலேயே இது உன்னிடம் வரும். எனக்குப் பதில் வேண்டாம். மருந்தைக் கேள்.

ஜெயந்தினி


மேற்கணக்கு
08.05.2024

அக்கா,

பொம்பிளைப் பிள்ளை. ஏப்ரல் பதினெட்டாம் திகதி பின்னேரம் நாலே கால் மணிக்குப் பிறந்தாள். ரெண்டு கிலோ தொளாயிரம். உயிரோடு இருக்கிறாள். ரெண்டாம் நாள் முழுக்க நான் அவள் மூச்சையே எண்ணிக்கொண்டு இருந்தேன். முதல் பிள்ளை அந்த நேரத்தில் முனகத் தொடங்கினான். இவள் முனகவில்லை. மூன்றாம் நாள் அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது. பிறகுதான் நான் தூங்கினேன்.

உன் கடிதத்தை வாசித்த அன்று கொழுந்துக்குப் போகவில்லை. அன்றைக்கு நீ எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதல் பிள்ளை போன பிறகு பன்னிரண்டு நாள் எனக்குப் பால் சுரந்தது. லயத்துக்குப் பின்னால் போய்த் தேயிலைச் செடி அடியில் பீய்ச்சி ஊற்றிவிட்டு வருவேன். பால் இல்லாமை என்று பெயர் வைத்த கிருமி என்று நீ எழுதியபோது அதைத்தான் நினைத்தேன். நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அக்கா. லயம் என்னைப் பேசியிருக்கும். பேசட்டுமே. என் பிள்ளை இருந்திருப்பான். நான் பேச்சுக் கேட்பேனே என்று நீ பயந்து, கடைசியில் பேச்சும் கேட்டேன், பிள்ளையும் இல்லை.

வலி கண்ட அன்று ரெண்டு கடதாசி கையில் இருந்தது. இல்லை என்று சொன்ன ரிப்போட் அத்தையின் பையில். உன் கடிதம் என் சட்டைக்குள். உன் நாலு வரியை மட்டும் கிழித்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். கிழித்தால் முன்பக்கத்தில் நீ வளையல் போட்ட கதையும் சேர்ந்து கிழிந்துவிடும் போலிருந்தது. முழுதாகவே கொடுத்தேன். நர்ஸ் மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. அன்று அங்கே நின்ற ஒருத்தருக்கும் தெரியாது. முன்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த நாலு வரியைக் கண்டதும் டொக்டரைக் கூப்பிட ஓடினார். காலை பத்து மணிக்கெல்லாம் சேலைன் ஏறிவிட்டது.

வார்டு வாசலில் அத்தை கேட்டார், "என்னாடி அந்தக் கடதாசி?"

"அக்கா எழுதுனது" என்றேன்.

"அவ என்னா எழுதியிருக்கா?"

"அவளே வந்து சொல்லுவா" என்று சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை என் பைலில் வைத்துக் கம்பி அடித்துவிட்டார்கள். நான் திருப்பிக் கேட்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. இனி அதில் இருப்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. உன் வேலைக்கு ஒன்றும் வராது. நீ வராமலே இருந்துகொள்ளலாம்.

ஆனால் சேலைன் ஏற்றியது லயத்துக்குத் தெரிந்துவிட்டது. பைப்பை மறுபடியும் கழுவுகிறார்கள். எதிர் லயத்துக்காரி தன் பிள்ளையை இப்போது கொண்டு வருவதில்லை. போன வருஷம் இதைத் தாங்க முடியாமல் சாகலாமா என்று நினைத்தேன். இப்போது மடியில் ஒருத்தி இருக்கிறாள், நினைக்க நேரமில்லை. ஆனால் இவள் நாளைக்கு நடந்து போய்ப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் அப்படிக் கழுவுவார்கள். அதை நான் விட மாட்டேன்.

பதினெட்டாம் திகதி சனிக்கிழமை, முப்பத்தோராம் நாள், பெயர் வைக்கிறோம். இழவுக்கு வந்த அதே ஆட்கள்தான் வருவார்கள், அதே வாசலில்தான் இருப்பார்கள். காலை பஸ்ஸில் வா. அன்றைக்கு விழுங்கிய பாதியை அங்கே நின்று சொல். அஞ்சு பேரில் ஒருத்திக்கு இருக்கிறது, யார் பிள்ளைக்கும் ஒட்டாது என்று எனக்கு எழுதியதையும் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். நீ சொன்னதைத்தானே இத்தனை நாளும் நம்பினார்கள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அது எப்போது வரும், வருமா என்றும் தெரியாது. பிள்ளைக்கு உன் மூக்கு. பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், நான் ஒன்றும் சொல்வதில்லை. வந்ததும் அவளைத் தூக்க வராதே. முதலில் சொல். சொல்லி முடித்த பிறகு நானே உன் கையில் தருகிறேன்.

தயானி